எஞ்சின் குடித்த தண்ணீர்

அத்தியாயம் 6

ஷொமாரி என்ற பெயர் காதில் விழுந்திராவிட்டால் கிதாவா இந்தக் கேஸைத் தொட்டிருக்கவே மாட்டாள். மழைக்காலத்தில் டாருஸ்ஸலாமில் ஒரு பஸ் நின்று போவது செய்தியா? ஜங்வானி பள்ளத்தில் ஆறு ரோட்டுக்கு ஏறினால் பாதி வண்டிகள் மூழ்கும், மீதி வண்டிகளின் டிரைவர்கள் பொய் சொல்வார்கள். இதில் துப்பறிய என்ன இருக்கிறது?

ஆனால் சனிக்கிழமை காலையில் ஆபீஸுக்கு வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்த ரிஸிக்கி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் வெள்ளத்துல வண்டியை விடவே இல்லக்கா. பாலத்துக்கிட்டயே திரும்பிட்டார். அந்த மெக்கானிக் ஷொமாரிதான், தண்ணிக்குள்ள விட்டுத்தான் எஞ்சின் போச்சுன்னு முதலாளிகிட்ட அடிச்சுச் சொல்லிட்டான்."

கிதாவா குடித்துக்கொண்டிருந்த கறுப்புக் காப்பியை மேஜையில் வைத்தாள்.

"எந்த ஷொமாரி? கெரெஸானியில பட்டறை வச்சிருக்கிறவனா? பேசும்போது இடது கண்ணு தானா துடிக்குமே?"

"அவனேதான்க்கா."

"பாஸி, குடையை எடு."

பாஸி அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் டலாடலா பஸ்ஸில் கண்டக்டராகத் தொங்கிக்கொண்டிருந்தவன். வேலை மாறியும் வாய் மாறவில்லை.

"கேஸ் என்னன்னே இன்னும் கேக்கலியேக்கா. பெயரைக் கேட்டதுமே குடையா? ஃபீஸுன்னு ஒண்ணு..."

"குடையை எடுடா."

பஜாஜ் ஆட்டோவில் போகும்போது ரிஸிக்கி முழுக்கதையையும் சொன்னாள். புருஷன் பெயர் மகாமே. மகொமெனியிலிருந்து தெமெக்கே வரை ஓடும் பஸ். முதலாளி கனிக்கி. வியாழக்கிழமை வெள்ளம் வந்ததும் மகாமே பாதி வழியில் திரும்பி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறான். நேற்று, வெள்ளிக்கிழமை காலையில், சாவியைத் திருப்பினால் ஒரு இருமல், 'டொம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஷொமாரியின் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். அவன் சேறு அப்பிய ஏர் ஃபில்டரை உருவிக் காட்டியதும் கனிக்கி ஆடித் தீர்த்துவிட்டார். ஜங்வானி தண்ணீருக்குள் எவன் வண்டியை விட்டாலும் உள்ளே தள்ளுவேன் என்று ஏற்கெனவே எல்லா டிரைவர்களுக்கும் சொல்லியிருந்தவர் அவர். சொன்னபடியே செய்தார். மகாமே இப்போது லாக்கப்பில்.

"சாயங்காலம் வேன் வந்து கெக்கோ ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்க்கா. உள்ளே போனவங்க எப்ப வெளியில வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

பாஸி அவள் கட்டியிருந்த காங்கா துணியின் ஓரத்தில் அச்சடித்திருந்த வரியைத் தலையைச் சாய்த்துப் படித்தான். கரையோரத்துப் பெண்களுக்கு ஆகாதவளை வாயைத் திறக்காமல் திட்ட அதைவிட வசதி கிடையாது. இந்த வரி, அடுத்தவள் தட்டில் கை வைக்கும் எவளோ ஒருத்தியைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, புருஷன் லாக்கப்புல இருக்கிறப்போ கட்டற துணியா இது? போலீஸுக்கா போறே, சண்டைக்கா போறே?"

"கைக்குக் கிடைச்சதைக் கட்டிட்டு வந்தேன்" என்று ரிஸிக்கி ஓரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கிதாவா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் ஃபெருஸியிடம் இருந்தது. அவளுடைய புருஷன். லாரி டிரைவர். மொரொகொரோ ரோட்டில் ஒரு மழைநாளில் அவன் லாரி எஞ்சின் இறுகிப்போய் நின்றது. "தண்ணிக்குள்ள விட்டிருக்கான், ஆயில்ல தண்ணி கலந்திருக்கு" என்று சொன்ன மெக்கானிக் இதே ஷொமாரி. அந்த முதலாளி ஃபெருஸியை லாரி ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் செருப்பால் அடித்தார். அதன் பிறகு ஒருவரும் அவனிடம் ஸ்டீயரிங்கைக் கொடுக்கவில்லை. நான் தண்ணிக்குள்ள விடலடீ, நான் விடலடீ என்று சொல்லிச் சொல்லியே மனுஷன் உருகிச் செத்தான். கிதாவா எஞ்சின்களைப் பற்றிக் கற்றுக்கொண்டதும், துப்பறியப் பலகை மாட்டியதும் அதற்கப்புறம்தான். ஷொமாரி ஒருநாள் தன் கையில் சிக்குவான் என்று அவள் காத்திருந்தாள். இன்று சிக்கிவிட்டான். அவனை விடக் கூடாது, அவ்வளவுதான்.

பட்டறையில் வெள்ளத்தில் மாட்டிய வண்டிகள் வரிசையாக நின்றன. ஷொமாரி பல்லில் குச்சியோடு வந்தான். கிதாவாவை ஏற இறங்கப் பார்த்தான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் குடும்பத்தையே கவிழ்த்தவனுக்கு அவள் முகம்கூட ஞாபகமில்லை.

"பாத்துக்கங்கம்மா, நல்லாப் பாத்துக்கங்க" என்று சேறு அப்பிய ஃபில்டரை நீட்டினான். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எஞ்சின் தண்ணியை உறிஞ்சிடுச்சு. பிஸ்டன் ராடு வளைஞ்சிருக்கும். இந்த எஞ்சின் அவுட்டு. வேற எஞ்சின்தான் வைக்கணும். நல்லதா ஒண்ணு நம்மகிட்டயே இருக்கு."

"உங்ககிட்ட இருக்கும்னு எனக்குத் தெரியுமே" என்றாள் கிதாவா.

அவள் ஃபில்டரைப் பார்க்கவில்லை. முகர்ந்தாள். சேறு, சாக்கடை, டீசல். பாஸியிடம் நீட்டினாள்.

"என் மூக்கை நம்பாதீங்கக்கா. பஸ் நிறைய அக்குளுக்கு நடுவுல நின்ன மூக்கு இது." முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "ஜங்வானியேதான். செத்த தவளை உட்பட."

பஸ்ஸுக்குள் தலையை நீட்டியபோது சீட்டில் பழைய சாம்பிராணி வாசனை அடித்தது. கிதாவா ரிஸிக்கியைத் தனியே அழைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சாம்பிராணி போடுவியா?"

"தவறாமப் போடுவேன்க்கா. சீட்டுக்கு, ஸ்டீயரிங்குக்கு, பானட்டைத் திறந்து எஞ்சின் மூக்குக்கும். அந்த வட்ட மூடியைக் கழட்டி உள்ளே புகை விடுவேன். வண்டிக்குக் கண்ணு படக் கூடாதுல்ல?"

"நேத்துக் காலையிலயும்?"

"ம்... நேத்தும்தான்" என்றாள் ரிஸிக்கி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்போ ஃபில்டர் நனைஞ்சிருந்துதா?"

"இல்லியே. காஞ்சு மொறுமொறுன்னு இருந்துது."

கிதாவாவின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல அது.

"பாஸி, வாராவாரம் புகை குடிச்ச ஃபில்டர் எவ்வளவு நனைஞ்சாலும் கொஞ்சமாவது மணக்குமா மணக்காதா? இதுல அந்த வாசனையே இல்ல. இது இந்த வண்டி ஃபில்டரே இல்ல. வெள்ளத்துல வந்த வேற ஏதோ வண்டியோடது."

"அப்ப நம்ம ஃபில்டர்?"

"இங்கதான் இருக்கு. இந்தப் பட்டறையில துருப்பிடிச்ச ஆணியைக்கூட ஒருத்தனும் தூக்கிப் போட மாட்டான். காஞ்ச ஃபில்டரை, இந்த மழையில, போட்டுடுவானா? வேற வண்டியில மாட்டியிருப்பான். போய் மோந்து பாரு."

"படிச்சுப் படிச்சுச் சொன்னா எங்கம்மா, கௌரவமான வேலைக்குப் போடான்னு" என்று முனகிக்கொண்டே பாஸி கிளம்பினான். ஒவ்வொரு வண்டியாக, "அண்ணே, இது கரியாகோ போகுமா? ரேடியேட்டர் ஏன் அழுவுது?" என்று எதையாவது கேட்டுக்கொண்டு பானட்டுக்குள் தலையை விட்டான். அதற்குள் கிதாவா கனிக்கிக்குப் போன் போட்டு, உடனே வரச் சொன்னாள். அவர் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது, ஆனாலும் வந்துவிட்டார்.

டெலிவரிக்குத் தயாராக நின்ற ஒரு நீலநிற ஸ்கூல் வேனின் அருகிலிருந்து பாஸி கத்தினான். "அக்கா! ஒண்ணு, இந்த வேன்காரன் பெரிய பக்திமான். இல்லாட்டி நம்ம ஃபில்டர் இதுதான்!"

ஃபில்டரைக் கொண்டுவந்து கனிக்கியின் மூக்கடியில் பிடித்தான். உலர்ந்த, சுத்தமான ஃபில்டர். சாம்பிராணி குப்பென்று அடித்தது. பக்கத்தில் ஸ்பானரும் கையுமாக நின்ற மற்ற மெக்கானிக்குகளும் வந்து மாற்றி மாற்றி முகர்ந்தார்கள். வேனை எடுத்துப்போக வந்திருந்த வேன்காரனோ, தன் ஆயுளில் வண்டிக்குப் புகை போட்டதே இல்லை என்று சத்தியம் செய்தான்.

"ஷொமாரி" என்றாள் கிதாவா. "இந்த வண்டியோட காஞ்ச ஃபில்டரைத் திருடி வேன்ல மாட்டினே. சேத்து ஃபில்டரை இதுக்குள்ள சொருகினே. அப்புறம் அதையே காட்டி ஒரு டிரைவரை உள்ளே தள்ளினே. ஆமாவா, இல்லையா?"

ஷொமாரியின் இடது கண் துடித்தது. "அது... அவசரத்துக்கு மாத்தினேன். ஃபில்டர்தானேன்னு..."

"ஃபில்டர்தானேவா!" கனிக்கி பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். "அப்ப எஞ்சினுக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு? நீதான் ஊத்தியிருக்கே! உன் ஓட்டை எஞ்சினை என் தலையில கட்டறதுக்கு ஊத்தியிருக்கே!"

"ஐயோ, தண்ணி நான் ஊத்தல முதலாளி! சத்தியமா ஊத்தல! வரும்போதே எஞ்சின் சுத்தல!"

யார் நம்புவார்கள்? ஸ்பானர் தொலைத்தவன், ஜாக்கி தொலைத்தவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு பழைய கணக்கு ஞாபகம் வந்தது. "திருடன்!" என்று எவனோ குரல் கொடுத்தான். ஒருவன் பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து நடுவில் போட்டான். அது எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் திருடன் சிக்கினால் கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்துவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஷொமாரிக்கும் தெரியும். அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

கிதாவா அதைக் கண்குளிரப் பார்த்தாள். ஃபெருஸி, பாத்துக்கோ என்று மனதுக்குள் சொன்னாள். இன்னும் ஒரே ஒரு ஆணி அடித்தால் போதும். பட்டறை டிரம்மில் இருக்கும் எண்ணெய்ப் படலம் மிதக்கும் அழுக்குத் தண்ணீரும், எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீரும் ஒன்றுதான் என்று காட்டிவிட்டால் இவன் கதை முடிந்தது.

"டீசல் பீச்சற இஞ்செக்டரையெல்லாம் கழட்டுங்க" என்றாள். "உள்ளே என்ன தண்ணின்னு பாத்துடுவோம். பாஸி, குனிஞ்சு பாத்துச் சொல்லு."

இரண்டு மெக்கானிக்குகள் இஞ்செக்டர்களைக் கழற்றிவிட்டு விலகிக்கொண்டார்கள். ஒருவன் ஏறிச் சாவியைத் திருப்பினான். இப்போது தண்ணீர் வெளியேற வழி இருந்ததால் எஞ்சின் சுற்றியது. துவாரத்திலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்து, குனிந்திருந்த பாஸியின் முகம் முழுக்க அடித்தது.

பாஸி நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். கண்கள் விரிந்தன.

"அக்கா... யாருக்குக் கல்யாணம்?" என்று கிசுகிசுத்தான்.

கிதாவா தன் கைக்குட்டையால் அவன் கன்னத்தைத் துடைத்தாள். துணியில் மஞ்சள் கறை. டீசல் நாற்றத்தையும் மீறி வந்தது பன்னீர் வாசனை. பன்னீரில் குங்குமப்பூ கரைத்துப் பாட்டிலில் அடைத்து, இதை ஊற்று, அதில் தெளி என்று கொடுக்கிறவன் ஒரே ஒருவன்தான். மந்திரவாதி. டிரம் தண்ணீரும் இல்லை, ஜங்வானி தண்ணீரும் இல்லை. மந்திரித்த தண்ணீர்!

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால் ரிஸிக்கி நின்றிருந்தாள். செருகியிருந்த காங்காவின் ஓரம் அவிழ்ந்து, அந்தச் சண்டைக்கார வரி நன்றாகத் தெரிந்தது. எஞ்சின் மூக்கு எங்கே இருக்கிறது, அதன் மூடியை எப்படிக் கழற்றுவது என்று வெள்ளிக்கிழமை தவறாமல் பழகியவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா," என்றான் பாஸி அவள் காதோரம், "இந்த ஆளு ஃபில்டர் திருடன். ஆனா தண்ணி இவன் ஊத்தல. சொல்லிடணும்ல?"

"வாயை மூடு."

"அக்கா, அங்க டயர் கிடக்கு."

"தெரியுதுடா!"

வேறு யாரும் முகரும் தூரத்தில் இல்லை. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் நடந்து போனால் போதும். மகாமே வெளியில் வந்துவிடுவான். ரிஸிக்கி தப்பித்துவிடுவாள். ஷொமாரியை இந்தக் கூட்டம் கவனித்துக்கொள்ளும். ஆசைப்பட்டதெல்லாம் கையில் வந்து உட்கார்ந்திருந்தது. கிதாவாவுக்கு அந்தக் கைக்குட்டையை மடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷொமாரியின் முன்னால் போய் நின்றாள்.

"என்னைத் தெரியுதா?"

"தெ... தெரியலம்மா."

"ஃபெருஸின்னு ஒரு லாரி டிரைவர். மொரொகொரோ ரோட்டுல எஞ்சின் இறுகி நின்னுச்சே. நான் அவர் பொண்டாட்டி."

துடித்துக்கொண்டிருந்த கண் அப்படியே நின்றுவிட்டது.

"அந்த எஞ்சினுக்கு என்ன ஆச்சு? இங்க இருக்கிற எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. பொய் சொன்னா நான் வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன். நீயாச்சு, இவங்களாச்சு."

ஷொமாரி டயரைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான்.

"நான்தான் ஆயில் மாத்தினேன்" என்று அழுதான். "கீழ போல்ட்டைச் சரியா முறுக்கல. வழியெல்லாம் ஆயில் ஒழுகி எஞ்சின் இறுகிடுச்சு. என் மேல வந்துடும்னு பயந்து, நானே மிச்ச ஆயில்ல தண்ணியை ஊத்திக் காட்டினேன். உங்க வீட்டுக்காரர் தண்ணிக்குள்ள விடலம்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

இத்தனை வருஷமாக அவள் மட்டும் நம்பிய சொல் இன்று இத்தனை பேர் காதில் விழுந்துவிட்டது. அவள் அழுதாள். அதை மறைக்கவும் இல்லை.

பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கைக்குட்டையைக் கனிக்கியிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்க முதலாளி. உங்க எஞ்சின் குடிச்ச தண்ணி இது. பன்னீர். இதை இவன் ஊத்தல. ரிஸிக்கி, நீயே சொல்றியா? நான் சொல்லட்டுமா?"

ரிஸிக்கி சொல்லவில்லை. வெடித்தாள்.

"ஆமா, ஃபில்டரை எடுத்து வச்சுட்டு நான்தான் ஊத்தினேன்! தெமெக்கேயில ஒருத்தியை வச்சிருக்கார்! கடைசி டிரிப்பு அடிச்சுட்டு அங்கயே படுத்துக்கறார்! அவளுக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்திருக்கார், தேக்குக் கட்டில்! எனக்குப் பாய்! வண்டியோட மூக்குல இதை ஊத்தினா வண்டி தெமெக்கே பக்கமே திரும்பாதுன்னு மன்ஸெஸே மந்திரவாதி சொன்னான். நான் வண்டியைக் கெடுக்க நினைக்கல முதலாளி. அவளை நாசமாக்கத்தான் ஊத்தினேன்!"

"மந்திரவாதி கில்லாடிதான்" என்றான் பாஸி முகத்தைத் துடைத்துக்கொண்டே. "வண்டி திரும்பல பாருங்க. வீட்டுக்காரரும் திரும்பல. கெக்கோ ஜெயிலு தெமெக்கேயிலிருந்து கூப்பிடு தூரம்தான்கிறதை மட்டும் சொல்ல மறந்துட்டான்."

எவனோ முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டயர் கொண்டுவந்தவன் அதைப் பேசாமல் உருட்டிக்கொண்டு போனான். கனிக்கி மட்டும் சிரிக்கவில்லை. "என் எஞ்சின் போச்சே! உன்னையும் உள்ளே தள்றேன் பாரு!" என்று குதித்தார்.

"குதிக்காதீங்க. போகல" என்றாள் கிதாவா.

ஆயில் ஸ்டிக்கை உருவிக் காட்டினாள். ஆயில் கறுப்பாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கும். இஞ்செக்டர் துவாரங்களில் ஒரு நீளக் கம்பியை விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றவைத்து, ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு மேலே வருகிறது என்று கம்பியில் நகத்தால் அடையாளம் பிடித்தாள். எல்லாம் ஒரே மட்டம்.

"ராடு வளைஞ்சிருந்தா ஒரு பிஸ்டனாவது குட்டையா நிக்கும். எதுவும் வளையல. கொஞ்சம் தண்ணிதான், எஞ்சின் முழு வேகம் எடுக்கறதுக்குள்ள நின்னுடுச்சு. மிச்சத் தண்ணியை வெளியே தள்ளிட்டு, ஆயில் மாத்திட்டு, இஞ்செக்டரை மாட்டுங்க. கீழ போல்ட்டை நல்லா முறுக்குங்க. ஷொமாரி முறுக்க வேண்டாம்."

மாட்டினார்கள். அந்தச் சாம்பிராணி ஃபில்டரையும் பழையபடி வைத்தார்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. பட்டறை முழுக்கப் பன்னீர் மணத்தது.

கனிக்கி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு போனை எடுத்து ஸ்டேஷனைக் கூப்பிட்டு, புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். ரிஸிக்கியைப் பார்த்து, "உன்னை நான் ஒண்ணும் பண்ணல. உன் புருஷன்கிட்ட நடந்ததைச் சொல்றேன், அது போதும்" என்றார்.

"சொல்லுங்க!" என்றாள் ரிஸிக்கி, காங்காவை இறுக்கிக் கட்டிக்கொண்டு. "கட்டிலைப் பத்தியும் மறக்காமச் சொல்லுங்க!"

கிதாவா கிளம்பும்போது ஷொமாரி அவள் பின்னால் ஓடிவந்தான்.

"அம்மா... நீங்க சும்மா இருந்திருந்தா இவங்க என்னை முடிச்சிருப்பாங்க. என் மேல அவ்வளவு ஆத்திரம் இருந்தும் ஏன் காப்பாத்தினீங்க?"

"காப்பாத்தினேனா?" கிதாவா நின்றாள். "நாளைக்குக் காலையில லாரி ஸ்டாண்டுக்கு வரே. என் புருஷனைச் செருப்பால அடிச்ச முதலாளியும் வருவார். இன்னிக்குச் சொன்னதை அவர் முன்னாடி, அதே இடத்துல நின்னு, அப்படியே சொல்றே. அப்புறம் அவர் செருப்பைக் கழட்டினா நான் தடுக்க மாட்டேன்."

"வரேம்மா. கட்டாயம் வரேன். ஆனா ஏன்..."

"என் புருஷன் செய்யாத தப்புக்குச் செத்தார். நீயும் செய்யாத தப்புக்குச் செத்தா, நீயும் அவரும் ஒண்ணாயிடுவீங்க. அவர் பக்கத்துல உன்னை உட்காரவைக்க எனக்கு இஷ்டமில்ல. நீ செஞ்சதுக்கு மட்டும் அனுபவி."

பாஸி அதற்குள் பஸ்ஸின் வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மகாமேயைக் கூட்டிவர ஸ்டேஷன் வரை தானே டிக்கெட் போடப்போவதாக அறிவித்துக்கொண்டிருந்தான். கிதாவா ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்த மெக்கானிக்கின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஃபெருஸி வீட்டிலிருந்த கடைசி நாட்களில் எப்போதும் ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்திருப்பான், யாரும் தன்னைப் பார்க்காதபடி திரையை இழுத்துவிட்டுக்கொண்டு. அவள் ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டாள்.

பாஸி பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"போலாம் ரைட்!"